வெறும் நிலமா?

"அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?"

இப்படிக் கேட்காத உற்றார் இல்லை, உறவினர் இல்லை. 1968ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கனடா நாட்டின் சாஸ்கச்சுவான் மாநிலத்தில், பெரும்புல்வெளியின் நடுவே கிடந்த ஒரு சிற்றூருக்கு ஆசிரியப் பணி ஏற்றுச் சென்றோம், நாங்கள் இருவரும். சென்ற மூன்றாம் நாள் மதுரைக்கு மடல் எழுதினோம். "இங்கே ஒன்றுமில்லை. தரை இருக்கிறது, தரைக்கு மேல் வானம் இருக்கிறது, இரண்டுக்கும் இடையே காற்று இருக்கிறது. வேறு ஏதேனும் தென்பட்டால் அடுத்த மடலில் எழுதுகிறோம்" என்று!

அந்த மடலை அண்ணன் பெட்டியில் பாதுகாத்து வைத்திருந்தார். அவர் மறைந்தபின், அண்மையில் அது எங்கள் கைக்கே திரும்பி வந்தது. குறும்பாக எழுதிவிட்டதாக அன்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டது நினைவிருக்கிறது. இன்று படித்தபோது சிரிப்பு வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஏன் வெட்கம் என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், அங்கே இன்று எஞ்சியிருக்கும் நூற்றுக்கும் குறைவான மக்கள், இதில் வருகிறவர் ஒவ்வொருவரும் யார் என்பதை அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவர். சிற்றூரில் வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். தலைநகரான ரெஜைனாவுக்கு வடகிழக்கே, கப்பெல் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கடந்து, பேருந்தில் இரண்டு மணி நேரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குடியேற வருவோரின் நிறத்தைப் பாராமல், படிப்பையும் தொழிலையும் மதிப்பெண்ணிட்டுப் பார்க்கும் முறையை 1967இல்தான் கனடா கொண்டுவந்தது. புல்வெளி ஊர்களில் ஆசிரியர் பஞ்சம். நகரத்தில் பயின்ற இளைஞர்கள் அங்கே போக மறுத்தனர். எனவே எங்களைப் போன்றோர்க்குக் கதவு திறந்தது. பேருந்து நிற்குமிடத்தில் எங்களை வரவேற்கப் பள்ளிக்குழுத் தலைவர் வந்திருந்தார். தலைவர் என்றதும் கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்த ஒருவரைத் தேடினோம். வந்தவரோ எண்ணெய்க் கறை படிந்த உடையும், வெயிலில் சிவந்த கழுத்துமாக, தானியம் ஏற்றிய சிறு லாரியை ஓட்டிவந்த உழவர். எங்கள் பெட்டிகளைக் கோதுமையின் மேல் வைத்தார்.

"இந்தியாவில் எங்கே? கல்கத்தாவா?" என்றார்.

கல்கத்தா எங்கள் ஊரிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல் என்றோம். அவர் முகத்தில் சற்றே ஏமாற்றம். பிறகு காரணம் சொன்னார். அந்தப் புல்வெளிக்கு வாழ்வளித்த கோதுமை 'மார்க்கிஸ்' என்பது. சார்லஸ் சாண்டர்ஸ் எனும் அறிஞர், மணிகளை வாயிலிட்டு மென்று மென்று பார்த்துப் பசைத்தன்மையை அளந்து தேர்ந்தெடுத்த விதை. உறைபனி வந்து பயிரைக் கொல்வதற்கு முன்பே, மற்றவற்றைவிடச் சில நாள் முந்தி முற்றும். அதன் பெற்றோரில் ஒன்று 'ரெட் ஃபைஃப்'; மற்றொன்று 'ஹார்ட் ரெட் கல்கத்தா' எனும் இந்தியக் கோதுமை. "ஆகவே, உங்கள் நாட்டார் இங்கே முன்பே வந்துவிட்டார்கள்" என்று சொல்லி, தொடையில் தட்டிச் சிரித்தார் அந்த உழவர். நாங்கள் கோதுமை விளையாத நாட்டுப்புறத்தார் என்பதை அப்போது சொல்ல மனம் வரவில்லை.

எங்களுக்கென்று கடிதம் வழியே பேசி வைத்திருந்த வீட்டின் உரிமையாளர், எங்களை நேரில் கண்டதும், வீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அந்த 'வேறொருவர்' யாரோ, எங்கேயோ! அடுத்த ஈராண்டும் அவ்வீடு பூட்டியே கிடந்தது. தலைவர் தரையைப் பார்த்தார். பிறகு எங்களை நேரே காப்பிக்கடைக்கு அழைத்துச் சென்றார். கடையின் மாடியில் ஓர் அறை. கடைக்காரர் சீனப் பெரியவர். வாடகை எவ்வளவு என்று கேட்டோம். "முதலில் உண்ணுங்கள்" என்றார். மூன்று திங்கள் அந்த மாடியில் வாழ்ந்தோம். பிறகுதான் பள்ளிக்குரிய சிறு வீடு கிடைத்தது.

ஊர் என்று சொன்னால் உங்கள் மனத்தில் குளமும் தோப்பும் தெருவும் தோன்றும். அவ்வூரை நினைத்தால் எங்களுக்குத் தோன்றுவது நான்கு மரக்கோபுரங்கள். எலிவேட்டர் என்பர். இருப்புப்பாதையோரம், ஏழெட்டு மாடி உயரத்தில், வண்ணம் பூசி வரிசையாக நிற்கும் தானியக் களஞ்சியங்கள். பத்து மைலுக்கு அப்பாலிருந்தே தெரியும். ஏறத்தாழ எட்டு அல்லது பத்து மைலுக்கு ஓர் ஊர் அப்படி நின்றது. ஏன் இந்தக் கணக்கு? குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிக்கொண்டு காலையில் புறப்படும் உழவர், விற்றுவிட்டு அன்றே வீடு திரும்ப வேண்டும் அல்லவா? குதிரையின் கால் வலிமையை அளவுகோலாகக் கொண்டு அமைந்த ஊர்கள் அவை. குதிரை போனபின் ஊர்களுக்கு என்ன வேலை என்ற கேள்வி, அந்தக் கணக்கிற்குள்ளேயே அன்று முதல் ஒளிந்திருந்தது.

நான்கு கோபுரங்கள், அகன்ற ஒரே கடைத்தெரு, கூட்டுறவுக் கடை, அஞ்சலகம், மூன்று தேவாலயங்கள், எட்டுப் படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, கர்லிங் ஆடும் கூடம், பன்னிரண்டு வகுப்புகள் கொண்ட பள்ளி, சீனப் பெரியவரின் காப்பிக்கடை. மக்கள் முந்நூற்று நாற்பது பேர். எங்களையும் சேர்த்தால் முந்நூற்று நாற்பத்திரண்டு.

பனிக்காலத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் எதுவும் சொன்னதாகாது. பூச்சியத்திற்குக் கீழே நாற்பது பாகை. பாரன்ஹீட்டில் அளந்தாலும் சென்டிகிரேடில் அளந்தாலும் அந்த ஓர் இடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும் என்று கணக்கு வகுப்பில் முன்பே கற்பித்திருக்கிறோம். அதை மூக்கின் உள்மயிர் விறைத்து உணர்ந்தது அங்கேதான். இரவில் மாட்டைக் கட்டுவதுபோல் காரையும் கட்டவேண்டும். முன்புறம் தொங்கும் கம்பியை மின் இணைப்பில் செருகி எஞ்சினைச் சூடாக வைத்தால்தான் காலையில் அது எழும். செருக மறந்த ஆசிரியர் பள்ளிக்கு நடந்து போனதுண்டு. எங்களில் யார் என்பதைக் கேட்கவேண்டாம்!

பனியில் எவரும் சட்டம் இயற்றாத ஒரு சட்டம் இருந்தது. சாலையோரம் ஒரு வண்டி நின்றிருந்தால், அதைக் கடந்து போகக் கூடாது. நிற்பவன் பகைவனாக இருக்கலாம். வழக்குமன்றத்தில் எதிரே நின்றவனாக இருக்கலாம். இறங்கிக் கேட்டே ஆகவேண்டும். வீடுகளுக்குப் பூட்டில்லை. களவு இல்லை என்பதற்காக மட்டுமல்ல, பனிப்புயலில் வழி தவறியவர் யாராயினும் உள்ளே நுழைந்து அடுப்பை மூட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காக. எங்கள் வாழ்நாளில் எத்தனையோ அறநூல்களைப் புரட்டியிருக்கிறோம். இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு பிசகாமல் பின்பற்றப்பட்ட அறத்தை வேறெங்கும் கண்டதில்லை.

தொலைபேசியிலும் கூட்டு வாழ்க்கைதான். ஊருக்கு வெளியே ஒரே கம்பியில் பல பண்ணை வீடுகள். நீண்ட மணி இரண்டு, குட்டை மணி ஒன்று என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம். எந்த வீட்டுக்கு அடித்தாலும் எல்லா வீட்டிலும் எடுத்துக் கேட்பார்கள். ஒருமுறை ஒரு தாயிடம் அவர் மகனின் கணக்குத் தேர்வைப் பற்றி நாங்கள் குறைகூறிக்கொண்டிருந்தபோது, "பையனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்" என்று மூன்றாவது குரல் ஒன்று கம்பிக்குள்ளிருந்து வந்தது! சொன்னவர் யாரென்று தெரியாது. சொன்னது சரியாகவே இருந்தது.

இலையுதிர் காலத்தில் கோழி விருந்து. தேவாலயத்தின் நிலவறையில் நீண்ட மேசைகள். வான்கோழி, உருளைக்கிழங்கு, உக்ரேனியர் செய்யும் மாவுக்கொழுக்கட்டை, பூசணிப் பலகாரம். ஊர் முழுதும், பக்கத்து ஊர்களும் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி வந்து உண்ணும். அந்தப் பணம் கர்லிங் கூடத்தின் கூரைக்கோ மருத்துவமனையின் கட்டிலுக்கோ போகும். முதலாண்டு நாங்கள் எலுமிச்சைச் சோறு கொண்டுபோனோம். ஓர் உக்ரேனியப் பாட்டி மட்டும் துணிந்து உண்டார். மற்றவர்கள் மிகுந்த பண்போடு பார்த்துவிட்டுச் சென்றனர்.

பிறகு 1971. பனிப்புயல் இரவு. எங்கள் மகள் நாள் நிரம்பாமலே உலகைக் காண விரைந்தாள். எட்டுப் படுக்கை மருத்துவமனையில் இருந்த ஒரே மருத்துவர், "ரெஜைனாவுக்குப் போயே ஆகவேண்டும்" என்றார். சாலை எங்கே? வெண்மை மட்டுமே இருந்தது. அதே தொலைபேசிக் கம்பி அன்றிரவு வீடு வீடாக மணியடித்தது. பனி வாரும் வண்டியை ஓட்டுபவர் படுக்கையிலிருந்து எழுந்து வந்து முன்னே சென்றார். பள்ளிக்குழுத் தலைவரின் வண்டியில் நாங்கள் பின்னே சென்றோம். இரண்டு மணி நேர வழி. ஏழு மணி நேரம் ஆயிற்று. தாயும் பிழைத்தாள், சேயும் பிழைத்தாள். பதினெட்டு நாள் மருத்துவமனையில் இருந்தோம்.

புறப்படும் நாளில், எங்களில் ஒருவர் சேமிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அலுவலகச் சாளரத்தின்முன் போய் நின்றார். இரவெல்லாம் கணக்குப் போட்டுவைத்திருந்தோம்: எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கடன் வாங்கலாம், எத்தனை ஆண்டில் அடைக்கலாம் என்று. ஒரே அறுவை மருத்துவத்திற்காக மூன்று காணி நிலம் கைமாறிப் போனதைச் சிறுவயதில் கண்ட வீட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். சாளரத்திற்குப் பின்னிருந்த பெண், "எதற்கு நிற்கிறீர்கள்?" என்று கேட்டார். பணம் கட்ட என்றோம். அவருக்குப் புரியவில்லை. எங்களுக்கும் புரியவில்லை. புரிந்தபோது, அங்கிருந்த மரப்பலகையில் உட்கார்ந்துவிட்டோம்.

அது வானத்திலிருந்து விழுந்த வரமல்ல, தோழர்களே! அந்த மாநிலத்து உழவர் மக்கள் போராடிக் கட்டியது. 1930களில் மழை பொய்த்து, மண் புழுதியாகப் பறந்து, கோதுமை விலை வீழ்ந்து, வரிப்பணம் வராமல் மருத்துவர்கள் ஊரைவிட்டுப் போனபோது, ஊராட்சிகளே சேர்ந்து மருத்துவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டன. டாமி டக்ளஸ் என்ற சமயப் பணியாளர், சிறுவனாக இருந்தபோது காலெலும்பில் நோய் கண்டு, காலையே வெட்டிவிடும் நிலையில், மாணவர்க்குக் காட்டுவதற்காக ஒரு மருத்துவர் இலவசமாக அறுவை செய்ததால் பிழைத்தவர். ஏழைக் குழந்தையின் கால் ஒரு மருத்துவரின் கருணையைப் பொறுத்ததாக இருக்கலாமா என்ற கேள்வியை அவர் மறக்கவில்லை. 1944இல் அவர் மாநில முதல்வரானார். 1947இல் மருத்துவமனைக் காப்பீடு வந்தது. அவரை அடுத்து முதல்வரான வுட்ரோ லாயிட் ஆட்சியில், 1962 ஜூலை முதல் நாள், எல்லோர்க்கும் மருத்துவம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றே மருத்துவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். இருபத்து மூன்று நாள்! லாயிடும் ஓர் ஆசிரியராக இருந்தவர் என்பதில் எங்களுக்குச் சற்றுப் பெருமை உண்டு. 1964 தேர்தலில் அவர் கட்சி தோற்றது, சட்டம் தோற்கவில்லை. 1972க்குள் கனடாவின் எல்லா மாநிலங்களும் அவ்வழியில் வந்துவிட்டன.

நாங்கள் போனபோது அந்த இருபத்து மூன்று நாளின் வடு ஊரில் ஆறவில்லை. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். சாலையில் வண்டி நின்றால் இறங்கிக் கேட்பார்கள். வண்டி கிளம்பியதும் மீண்டும் பேச்சு இல்லை. காப்பிக்கடையில் ஒருவர் சாளரத்தருகே அமர்ந்தால் மற்றவர் அடுப்பருகே அமர்வார். இருவருக்கும் காப்பி ஊற்றியவர் சீனப் பெரியவர்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். காலை ஆறு மணிக்குக் கடை திறக்கும். இரவு பத்துக்கு மூடும். மழை, விலை, அரசியல், திருமணம் எல்லாம் அங்கேதான் முடிவாகும். ஊரார் அவரை ஓர் ஆங்கிலச் செல்லப்பெயரிட்டு அழைத்தனர். நாங்களும் அப்படியே அழைத்தோம். ஆறு ஆண்டுகள் அழைத்தோம்! அது அவர் பெயரன்று. அவருக்கு முன்பு அதே கடையை நடத்திய சீனரை அழைத்த பெயர். கடையை வாங்கியபோது பெயரும் சேர்ந்து வந்துவிட்டதாம். அவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் பெயர்களை ஊரார் உடைத்து உடைத்து உச்சரித்தபோது உள்ளுக்குள் சினந்தவர்கள் நாங்கள். மாடியில் இடம் தந்த மனிதரின் பெயரைக் கேட்க எங்களுக்கு ஆறு ஆண்டுகள் ஆயின.

பெயர் கேட்ட அன்றுதான் மற்றவையும் தெரிந்தன. கனடாவுக்குள் கால்வைக்க அவர் தலைவரியாக 500 டாலர் கட்டியவர். சீனர்க்கு மட்டும் விதித்த வரி. 1885இல் 50 டாலராகத் தொடங்கி, 1903இல் 500 ஆக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த உழவனுக்கோ, 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர் நிலம்! சீனர் கடையில் வெள்ளைப் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று 1912இல் சட்டம் செய்த மாநிலம் அது. 1923 ஜூலை முதல் நாள் முதல், சீனர் வருகையையே ஏறத்தாழ முற்றிலும் தடுத்தது கனடா. அதற்கு முந்திய ஆண்டு ஊருக்குச் சென்று மணம் முடித்துத் திரும்பியிருந்தார் பெரியவர். 1947இல் தடை நீங்கி, தாள்கள் எல்லாம் சரியாகி, மனைவி அவ்வூர்ப் பேருந்து நிறுத்தத்தில் வந்து இறங்கியபோது இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. மகனைத் தூக்கி வளர்க்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. நேரில் கண்டபோது மகன் அவரைவிட உயரம். இத்தனையும் ஊராருக்குத் தெரியாது. தீயவர்கள் அல்லர் அவர்கள். கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கும் தோன்றவில்லையே!

இதைவிடப் பெரிய வெட்கம் இனித்தான்.

ஊருக்குத் தெற்கே பதினெட்டு மைலில், அம்மண்ணின் முதல் மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய நிலப்பகுதி ஒன்று இருந்தது. அன்று எல்லோரும் அவர்களை 'இந்தியர்' என்றே அழைத்தனர். எங்களையும் 'இந்தியர்' என்றனர். அஞ்சலகத்தில் ஒருமுறை அவர்களுள் ஒரு முதியவள் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கள் எந்த ஒதுக்கிடம்?" என்று கேட்டதும், நாங்கள் "மதுரை" என்றதும், "அது மானிடோபாவிலா?" என்று அவர் கேட்டதும் ஊரில் வெகுநாள் சிரிப்புக்கு இடமாயிற்று. அந்தச் சிரிப்போடு எங்கள் தொடர்பு நின்றது. சனிக்கிழமைகளில் வருவார்கள், பொருள் வாங்குவார்கள், இருட்டுமுன் போய்விடுவார்கள். ஏன் இருட்டுமுன் என்று நாங்கள் கேட்கவில்லை.

பின்னர் அங்கிருந்து பிள்ளைகள் எங்கள் பள்ளிக்குப் பேருந்தில் வரத் தொடங்கினர். 1973இல் ஏழாம் வகுப்பில் ஒரு பையன். ஆறு திங்களாக வாய் திறக்கவில்லை. எங்களில் வரலாறு கற்பித்தவர் ஒருநாள், நூலில் இருந்தபடியே, குடியேறியவர்களின் வீரத்தை விளக்கிக்கொண்டிருந்தார். வெறும் நிலமாகக் கிடந்தது. ஆளில்லா வெளியாக இருந்தது. அங்கே வந்து ஏர் பூட்டினர் என்று. பையன் கை உயர்த்தினான்.

"என் பாட்டி அப்போது எங்கே இருந்தாள், ஆசிரியரே?"

வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை, ஆனால் விடையும் சொல்லவில்லை. "அது பிறகு வரும்" என்றார். அந்த நூலில் அது பிறகும் வரவில்லை.

அன்றிரவு உணவு இறங்கவில்லை. ஊர்க் கோடியில் மக்களை ஒதுக்கி வைத்துவிட்டு, 'ஊர்' என்று தம்மை மட்டும் சொல்லிக்கொள்ளும் வழக்கத்தை எங்கள் மண்ணில் கண்டு கொதித்தவர்கள் நாங்கள். அதே கணக்கைத்தான் இங்கே நாளும் போட்டிருக்கிறோம்! முந்நூற்று நாற்பத்திரண்டு பேர் என்று மேலே எழுதினோமே, அந்தக் கணக்கில் பதினெட்டு மைல் தெற்கே இருந்த எவரும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை பையனின் வீட்டுக்குச் சென்றோம். பாட்டி தேநீர் கொடுத்தார். தாத்தா வெகுநேரம் எங்களைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். 1874 செப்டம்பரில் கப்பெல் கோட்டையில், கிரீ, சோட்டோ, அசினிபாய்ன் மக்களும் அரசியாரின் ஆட்களும் செய்துகொண்ட நான்காம் ஒப்பந்தம். நிலத்தைப் பகிர்ந்துகொள்ளவே உடன்பட்டதாக அவர் முன்னோர் சொல்லி வந்தது. ஆண்டுதோறும் ஆளுக்கு 5 டாலர், இன்றுவரை அதே 5 டாலர். 1885க்குப் பின், ஒதுக்கிடத்தைவிட்டு வெளியே போகவே அதிகாரி கையெழுத்திட்ட சீட்டு வேண்டும் என்றானது. பாட்டியை ஏழு வயதில் விடுதிப்பள்ளிக்குக் கொண்டுபோய், திரும்பி வந்தபோது தாயோடு பேச மொழி இல்லாமல் செய்தது. எருமை மறைந்தபின் அவர்கள் உழவு செய்யவில்லை என்று நூல்கள் சொல்லும். செய்தார்கள்! நன்றாகவே செய்தார்கள். 1889 முதல் சில ஆண்டுகள் அவர்கள் இயந்திரம் பயன்படுத்தவே அதிகாரிகள் தடை செய்தனர். கையால் விதை, அரிவாளால் அறு என்றனர். விளைந்ததை விற்கவும் சீட்டு வேண்டும் என்றது சட்டம். கனடாவில் இந்த மக்கள் தம் சட்டநிலையை இழக்காமல் நாடாளுமன்றத்திற்கு வாக்களிக்கும் உரிமை பெற்றது 1960இல். நாங்கள் அங்கே போவதற்கு எட்டே ஆண்டுகள் முன்பு.

ஒப்பந்தத்தின் நூறாம் ஆண்டான 1974இல், இலையுதிர் காலத்தில், அந்தத் தாத்தாவை வகுப்புக்கு அழைத்தோம். ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. பள்ளிக்குழுத் தலைவர் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு பின்வரிசையில் நின்றார். எங்கள் வேலை அன்றோடு போயிற்று என்றே எண்ணினோம். முதியவர் மெல்லிய குரலில் அரைமணி பேசினார். முடித்ததும், பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"என்ன கோதுமை விதைத்தீர்கள்?"

"மார்க்கிஸ்."

"ஏக்கருக்கு எவ்வளவு கண்டது?"

"நல்ல ஆண்டில் முப்பது புஷல்."

"விற்றீர்களா?"

"சீட்டுக் கேட்டோம். சீட்டு வந்தபோது மழையும் வந்துவிட்டது. குவியலிலேயே முளைத்துப் போயிற்று."

தலைவர் சற்றுநேரம் பேசவில்லை. முளைவிட்ட கோதுமையின் மணம் எப்படியிருக்கும் என்பதை அந்த அறையில் அறிந்தவர்கள் அவ்விருவர் மட்டுமே. "என் தந்தையின் நிலம் அந்த மேட்டுக்கு இப்பால்தான்" என்றார் கடைசியில். "எங்களிடம் யாரும் சீட்டுக் கேட்டதில்லை." தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

அவ்வாண்டுக் கோழி விருந்துக்கு இரண்டு சீட்டுகள் வாங்கி அவர் தெற்கே அனுப்பினார். அவர்கள் வரவில்லை. மறு ஆண்டும் அனுப்பினார், வந்தனர். கதவருகே ஒரு மேசையில் இருவரும் அமர்ந்தனர். ஊர் தத்தம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடையை மூடிவிட்டு எப்போதும் கடைசியாக வருகிற சீனப் பெரியவர், தம் தட்டோடு நேரே போய் அவர்கள் எதிரில் அமர்ந்தார். தலைவர் அடுத்துப் போனார். நாங்கள் மூன்றாவதாகத்தான் போனோம், இதை ஒளிப்பதற்கில்லை.

1983இல், மகளின் படிப்புக்காக ரெஜைனாவுக்குக் குடிபெயர்ந்தோம். அதே ஆண்டில்தான், 1897 முதல் இருந்துவந்த மலிவான தானியக் கூலிக்கு முடிவுகட்டும் சட்டம் வந்தது. ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. 1993இல் மாநில அரசு 52 சிற்றூர் மருத்துவமனைகளை மூடியது அல்லது வேறு பணிக்கு மாற்றியது. மூடியவர்கள், அன்று மருத்துவத்தை எல்லோர்க்கும் பொதுவாக்கிய கட்சியின் வழிவந்தவர்களே! கருவூலம் காலி என்றனர், உண்மையாகவும் இருக்கலாம். எங்கள் எட்டுப் படுக்கைகளும் போயின. 1924இல் உழவர்கள் சேர்ந்து தொடங்கிய கோதுமைக் கூட்டுறவு 1996இல் பங்குச் சந்தைக்குப் போயிற்று. 2007இல் பெயரும் மாறியது. நான்கு கோபுரங்களும் ஒவ்வொன்றாக இடிபட்டன. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துச் சென்றனர். பள்ளியில் இப்போது யாரோ உழுபொறிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

தெற்கே இருக்கும் ஒதுக்கிடத்தில் பள்ளி இருக்கிறது. அன்று கை உயர்த்திய பையன் அங்கே ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டார். 2007இல் சாஸ்கச்சுவான் அரசு எல்லாப் பள்ளிகளிலும் ஒப்பந்தங்களைக் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்று ஆணையிட்டபோது, எங்களுக்கு ஓர் அட்டை அனுப்பினார். "பிறகு வந்துவிட்டது" என்று ஒரே வரி.

2019இல் அவரைக் காணப் போனோம். திரும்பும்போது, கோபுரங்கள் நின்ற இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினோம். புல், சிமெண்டு அடித்தளத்தின் துண்டு ஒன்று, காற்று. இரண்டு நிமிடம்கூட ஆகியிராது, ஒரு சிறு லாரி வந்து பக்கத்தில் நின்றது. ஓர் இளைஞர் தலையை நீட்டி, "ஏதும் உதவி வேண்டுமா?" என்றார். ஒன்றும் வேண்டாம், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றோம். அவர் இறங்கிவந்து எங்களோடு நின்று பார்த்தார். வெளியூரிலிருந்து வந்தவராம், எண்ணெய்க் குழாய்களில் வேலை, மூன்று திங்கள் ஆயிற்றாம்.

"ஒன்றுமில்லையே" என்றார். "இங்கே முன்பு என்ன இருந்தது?"

எங்கிருந்து தொடங்குவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பள்ளத்தாக்கின் பக்கமாகக் கையைக் காட்டி, அங்கிருந்து தொடங்கினோம். அவர் போய் லாரியின் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தார்.